உஷார்! நாஸ் பெட்டி பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? அவசரத்தில் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

லேப்டாப்பில் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள். தவறு என்கிறது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கிறீர்கள். மறுபடியும் தவறு. ரவுட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிற அந்த நாஸ் பெட்டிக்குள், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கிற பெட்டிக்குள், மகளின் காதுகுத்து முதல் கல்லூரிச் சேர்க்கை வரை எடுத்த படங்கள் இருக்கின்றன. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் இருக்கிறது. காலையில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய டிராயிங்கும் அதற்குள்தான். கை பதறத்தான் செய்யும். லாகின் சிக்கல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடக் கூடியது. பதறிய கை அடுத்த கால் மணி நேரத்தில் செய்து வைக்கிற காரியங்கள்தான் தீராத நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன், கையை எடுங்கள். முதலில் படியுங்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார் ஒருவர். கீழே லேத்தும் இரண்டு சிஎன்சி மெஷினும், மாடியில் வீடு. ஒரகடம் பக்கம் போகிற ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. ஒரு ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணா, புது லேப்டாப்ல நாஸ் ஓப்பனே ஆவல. பழசுல இத்தன வருசமா ஓடிச்சு. பாஸ்வேர்டு எல்லாம் கரெக்டா தான் போடறேன். ஒரு வீடியோ பாத்து ஏதோ டிக் பண்ணிக்கினு இருக்கேன், கொஞ்சம் வர்றீங்களா?"

அந்த 'ஏதோ' என்ன என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. 'எஸ்எம்பி 1' என்ற பெட்டியில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். "அதை எடுத்துடுங்க, நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டரும் நாஸ் பெட்டியும் பேசிக்கொள்கிற மொழி. அதன் முதல் பதிப்பு முப்பது வருடத்துக்கு மேல் பழையது, ஓட்டைகள் நிறைந்தது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் (ரேன்சம்வேர்) உலகத்தைச் சுற்றி வந்தது இந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ரெனோ, நிசான் கார் ஆலைகளில் வேலை நின்றது. நம் ஒரகடத்தில் இருக்கிற ரெனோ–நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்த வாரமே செய்தி வந்தது. ஏதோ வெளிநாட்டுக் கதை இல்லை இது. நம் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில் வந்து நின்ற ஆபத்து.

அதன் பிறகு 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, அந்த முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. "நாஸ் திறக்கவில்லையா? இந்த டிக்கைப் போடுங்கள், அவ்வளவுதான்" என்று வீடியோக்காரர் சொல்வது அந்தக் கதவை உங்கள் கையாலேயே திறக்கச் சொல்வது. நாஸ் திறக்கும், உண்மைதான். கூடவே வேறு எதுவும் திறந்து வரலாம்.

இப்போது இந்தப் புகார் கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய லேப்டாப்பை மாற்றியவர்கள் விண்டோஸ் 11-க்கு வந்தார்கள். 2024 அக்டோபரில் வந்த அதன் 24எச்2 பதிப்பு இரண்டு விஷயத்தில் கறார் காட்டுகிறது. ஒன்று, பெட்டியிலிருந்து வருகிற ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் விருந்தாளியாக, அதாவது 'கெஸ்ட்' கணக்கில் உள்ளே நுழைவதை புரோ பதிப்பு மறுக்கிறது. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்ற பொருளில் திரையில் ஒரு வாசகம் வரும். வீட்டு லேப்டாப்பில் எந்த நிறுவனம் வந்தது என்று பலர் பயந்துபோகிறார்கள். யாரும் உள்ளே வரவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் இத்தனை நாள் விருந்தாளிக் கணக்கில் போய்க்கொண்டிருந்தீர்கள், அதை இனி அனுமதிக்க மாட்டேன் என்கிறது விண்டோஸ். அவ்வளவுதான் விஷயம். எங்கள் தெருக்காரருக்கு நடந்ததும் இதேதான். பாஸ்வேர்டு போட்டேன் என்றாரே தவிர, பழைய லேப்டாப் அவரை விருந்தாளியாகவே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அவர் அடித்த பாஸ்வேர்டை யாருமே சரிபார்த்ததில்லை!

அவர் வீட்டு வைஃபையில் இருந்த யாரும் அதே மாதிரி உள்ளே போயிருக்கலாம் என்பதை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். விருந்தினருக்கு, கேபிள் டிவி பையனுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று வைஃபை பாஸ்வேர்டை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறோம்.

நம் ஊர் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் இருக்கிறார். அவரை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்றிவர வேண்டும். லாகின் சிக்கலும் அப்படித்தான். கண்ணுக்கு எதிரே தெரிவது பாஸ்வேர்டு கேட்கிற ஒரு சின்னக் கட்டம். கோளாறு அதைச் சுற்றி எங்கு வேண்டுமானாலும் இருக்கும். அதனால் முதல் அடி இது: அதே லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து பெட்டியின் ஐபி எண்ணை அடியுங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கம் வரும். அங்கே உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் வேலை செய்தால், பாஸ்வேர்டு சரி, கோளாறு விண்டோஸும் பெட்டியும் பேசிக்கொள்கிற இடத்தில். அங்கேயும் மறுத்தால் கணக்கிலேயே சிக்கல். பக்கமே வரவில்லை என்றால் நீங்கள் தப்பான வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தப்பான வாசல் என்றேன் அல்லவா, நம் பக்கம் இது ரொம்ப சகஜம். கரன்ட் போய்விட்டு வருகிறது. ரவுட்டரும் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. நேற்று வரை கடைசி எண் 5 என்று இருந்த பெட்டிக்கு ரவுட்டர் இன்று 8 என்று கொடுத்துவிடுகிறது. லேப்டாப்பில் நீங்கள் போட்டுவைத்த இஸட் டிரைவ் இன்னும் 5-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. 80070035 என்று முடிகிற பிழை எண் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கிற கருவிகளின் பட்டியல் இருக்கும், அதில் பெட்டியின் இப்போதைய எண்ணைப் பாருங்கள். பிறகு அதே பக்கத்தில் அந்தப் பெட்டிக்கென்று ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வெயில் காலத்து மாலைகளில் எத்தனையோ பதற்றம் மிச்சமாகும்.

அடுத்தது விண்டோஸின் ஞாபகம். அது எதையும் மறக்காது, பழைய பாஸ்வேர்டையும் சேர்த்து. கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் பெட்டியின் பெயரிலோ எண்ணிலோ பழைய பதிவு இருந்தால் அழித்துவிட்டு லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யுங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால், ஏற்கனவே வேறு ஒரு பெயரில் அதே பெட்டிக்குள் இருக்கிறீர்கள், இரண்டு பெயரில் ஒரே நேரத்தில் விடமாட்டேன் என்று பொருள். மேப் செய்த டிரைவ்களை எல்லாம் துண்டித்துவிட்டு, ஒரே பெயரில் திரும்பப் போங்கள். லேப்டாப்பைத் திறக்கிற நாலு இலக்கப் பின் எண்ணை நாஸ் கேட்கிற இடத்தில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பின் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே. பெட்டிக்கு அதைத் தெரியாது. பெட்டியில் உருவாக்கிய பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும். அப்போதும் எடுக்கவில்லை என்றால் பயனர் பெயருக்கு முன்னால் பெட்டியின் பெயரையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பெயரைச் சேர்த்து அனுப்பி, பெட்டி "இவர் யார்?" என்று விழிக்கும்.

இதிலே ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் உங்கள் போனில் படங்களைப் பெட்டிக்கு ஏற்றுகிற ஆப் இருக்கிறது, ஹாலில் டிவி இருக்கிறது, மனைவியின் லேப்டாப் இருக்கிறது. எல்லாம் பழைய பாஸ்வேர்டோடு பெட்டியைத் தட்டிக்கொண்டே இருக்கும். சினாலஜி போன்ற பெட்டிகளில் தானாகத் தடுக்கும் வசதி உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் பத்து முறை தவறினால் அந்த ஐபி எண்ணையே பூட்டிவிடும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டில் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார்! சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். வேறு ஒரு கருவியிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்குப் போய்த் தடைப்பட்டியலில் உங்கள் எண்ணை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து அந்தத் தடுப்பு வசதியையே அணைத்துவிடாதீர்கள்.

இரட்டைப் பூட்டு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் ஆப்பில் வருகிற ஆறு இலக்க எண் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும், நேரத்தை வைத்தே கணக்கிடப்படும். பல நாள் அணைந்து கிடந்த பழைய பெட்டியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் சரியான எண்ணையும் தவறு என்றே சொல்லும். கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, கரன்ட் போகவில்லை, புது லேப்டாப்பும் இல்லை. ஆனாலும் நிர்வாகப் பக்கமே உங்களை மறுக்கிறது. அப்போது இதைக் கோளாறு என்று எண்ணாதீர்கள். உள்ளே யாரோ இருக்கலாம்.

2021 ஜூன் கடைசியில் உலகம் முழுக்க வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டி வைத்திருந்த பலர் காலையில் எழுந்து பார்த்தால் பாஸ்வேர்டு தவறு என்றது. அதுதான் முதல் அறிகுறி. உள்ளே இருந்த எல்லாமே அழிக்கப்பட்டிருந்தன. 2015-க்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு மென்பொருள் புதுப்பிப்பே வந்ததில்லை. இணையத்தில் திறந்து கிடந்த பெட்டிகளை வெளியிலிருந்தே யாரோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் க்யூனாப் பெட்டிகளில் 'க்யூலாக்கர்' புகுந்து, கோப்புகளை செவன்ஜிப் பொட்டலங்களாகக் கட்டிப் பாஸ்வேர்டு போட்டு, 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் வந்த 'டெட்போல்ட்' இன்னும் ஒரு படி மேலே. லாகின் பக்கத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் 0.03 பிட்காயின் கேட்கிற மிரட்டல் பக்கத்தை வைத்தது. 2024 ஏப்ரலில் டி-லிங்க்கின் பழைய நாஸ் மாடல்கள் சிலவற்றில், பாஸ்வேர்டே இல்லாத ஒரு மறைவான பயனர் கணக்கு உள்ளேயே இருப்பது வெளியே தெரிந்தது. இணையத்தில் 92,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் அப்படித் திறந்து கிடப்பதாக அதைக் கண்டுபிடித்தவர் எழுதினார். இனிமேல் மருந்து தர மாட்டோம், பெட்டியை மாற்றிவிடுங்கள் என்றது நிறுவனம்.

அப்படிச் சந்தேகம் வந்தால் உடனே ரவுட்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற கேபிளைப் பிடுங்குங்கள். கரன்ட் சுவிட்சை அணைக்காதீர்கள். க்யூலாக்கர் சமயத்தில் பெட்டியை நிறுத்த வேண்டாம் என்றே க்யூனாப் சொன்னது. பூட்டுகிற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சாவியை மீட்க வழி இருந்தது, அணைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. திரையில் தெரிவதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் கட்டினால் கோப்பு திரும்ப வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் வருகிற எண்ணை மோசடிக்காரர்கள் வைத்திருப்பது இந்தியா முழுக்க நடக்கிற தந்திரம். சரளமாகத் தமிழ் பேசுவார்கள், "சார், ஏனிடெஸ்க் போடுங்க, நாங்களே சரி பண்ணிடறோம்" என்பார்கள். அந்த ஆப் வழியாக நடக்கிற பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நாஸ் பெட்டியில் ஆரம்பித்து வங்கிக் கணக்கில் முடிந்துவிடும். பெட்டியின் அட்டையிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ள வழியில் மட்டும் புகார் பதியுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆகட்டும், பரவாயில்லை.

ரீசெட் பொத்தான் இன்னொரு கண்ணி. பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். சினாலஜியில் ஒரு பீப் சத்தம் வரும் வரை, சுமார் நாலு விநாடி அழுத்தினால் நிர்வாகி பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் பழைய நிலைக்கு வரும், கோப்புகளுக்கு ஆபத்தில்லை. இரண்டாம் முறை அழுத்தினால் மென்பொருளையே மறுபடி நிறுவச் சொல்லும். அந்த இடத்தில் வருகிற கேள்விகளைப் படிக்காமல் 'ஓகே' தட்டியவர்கள் அழுதிருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கணக்கு வேறு. உங்கள் மாடலின் கையேட்டைப் படிக்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. பெட்டி திறக்கவில்லை என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நேரே விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்கள். நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. விண்டோஸுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து 'ஆமாம்' சொன்னால் போயிற்று. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. படிக்கத் தெரியாதவரிடம் கொடுத்ததுதான் தவறு. லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு டிஸ்க் பெட்டியானால் எது முதல் ஸ்லாட், எது இரண்டாவது என்று கழற்றும் முன் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

ஷிப்டில் இருந்தபடியே வீட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து வைப்பவர்கள் நம் பகுதியில் நிறைய. மேலே சொன்ன டெட்போல்ட் தேடிப் பிடித்தது இப்படி இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான். அதை மூடுங்கள், ரவுட்டரில் தானாகப் போர்ட் திறக்கிற யூபிஎன்பி வசதியையும் அணையுங்கள். வெளியிலிருந்து வேண்டுமானால் விபிஎன் வழியாக வாருங்கள். நிறுவனத்தின் கிளவுட் கணக்கை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு தகவல். 2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்து, 'மை கிளவுட்' சேவை சுமார் பத்து நாள் நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக நுழைகிற உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு இரவுக்குத் திரும்புகிறேன். பிரவுசரில் அவருடைய நிர்வாகப் பக்கம் திறந்தது, பாதி உயிர் வந்தது எங்களுக்கு. உள்ளே போனால் பல வருடமாகப் போடாத மென்பொருள் புதுப்பிப்பு காத்திருந்தது. முதலில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பெட்டியின் யூஎஸ்பியில் செருகி எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். அது முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு புதுப்பிப்பு. பிறகு அவர் பெயரில் தனிக் கணக்கு, நீளமான பாஸ்வேர்டு. விருந்தாளிக் கணக்கை மூடினோம். எஸ்எம்பியில் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3 என்று வைத்தோம். லேப்டாப்பின் பழைய ஞாபகத்தை அழித்து மறுதொடக்கம் செய்து புதுப் பெயரில் நுழைந்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. மென்பொருள் புதுப்பிப்பே வராத பெட்டியாக இருந்திருந்தால் நகல் எடுத்ததோடு அதற்கு விடைகொடுக்கச் சொல்லியிருப்பேன். கையெழுத்துச் சோதனையை விண்டோஸில் அணைத்துவிட்டு அதே பெட்டியோடு காலம் தள்ள மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கீழே உள்ள ஒரு சிஎன்சி மெஷினின் கன்ட்ரோலர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. அதற்கு எஸ்எம்பியில் முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. இந்தத் தொழில் பட்டையில் அப்படிப்பட்ட மெஷின்கள் எத்தனையோ சின்ன ஷெட்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்காகவே முதலாளிகள் பழைய கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். "அந்த மெஷினுக்கு எப்படி புரோகிராம் ஏத்தறது?" என்று கேட்டார். நெட்வொர்க் கேபிளை அதிலிருந்து கழற்றிவிட்டு, அதற்கென்று மட்டும் ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாடிக்கும் கீழுக்கும் நடக்க வேண்டும், கஷ்டம்தான். முகத்தைச் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய டிராயிங் போய்ச் சேர்ந்தது. புதுப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர் மனைவி ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினார். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செங்கல்பட்டில் இருக்கிற தம்பி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.